பக்ஸ் கவுண்டியின் பெயர் பெற்றவர்கள்: யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

டெலவேர்க்கரையான் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வடக்கே இருக்கும் பக்ஸ் கவுண்டியில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் "நம் கவுண்டி மனிதர்கள்" என்று ஒரு சுவர்க் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். சுவரில் எட்டுப் பேருக்குத்தான் இடம்.

பிள்ளைகள் கொண்டுவந்த பட்டியலில் முதலிடம் பாடகி பிங்க். 1979ல் டாய்ல்ஸ்டவுனில் பிறந்தவர். அடுத்து கிரேஸ் கெல்லி. நியூ ஹோப் ஊரில் பழைய மாவு ஆலையை மாற்றிக் கட்டிய நாடக அரங்கில் 1949ல் தொழில்முறை நடிகையாக முதன்முதலில் மேடையேறினார் என்பதற்காக. மூன்றாவது பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென். மற்ற இடங்கள் காலி.

1682ல் பென் வகுத்த முதல் மூன்று கவுண்டிகளில் இதுவும் ஒன்று. இன்று பிலடெல்பியாவின் புறநகர். 2020 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்து நாற்பத்தாறாயிரம் பேருக்கு மேல். இவ்வளவு பழைய, பெரிய இடத்தில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இல்லை. இங்கே பிறந்தவர்களை எடுப்பதா, வந்து வாழ்ந்தவர்களை எடுப்பதா? கருத்துச் சொல்லுங்கள்.

நியூட்டன் வாசகி எழுதியது:

பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் முதல் உரிமை என்பேன். ஒரு விருந்தினர் வந்து பண்ணை வீடு வாங்கி நான்கு கோடைக்காலம் தங்கினால் அவர் இந்த ஊர்க்காரர் ஆகிவிடுவாரா? 1930களில் நியூயார்க் நாடக உலகம் பாதி இங்கேதான் வீடு வாங்கியது. டொரத்தி பார்க்கர், ஜார்ஜ் காஃப்மன், மாஸ் ஹார்ட் என்று வரிசையாக வந்தார்கள். அவர்களை எல்லாம் எழுதத் தொடங்கினால் சுவர் போதாது.

என் முதல் பெயர் எட்வர்ட் ஹிக்ஸ். 1780ல் இன்று லாங்ஹார்ன் என்று அழைக்கப்படும் ஊரில் பிறந்தார். வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். ஓவியம் என்பது ஆடம்பரம் என்று அந்தச் சமயத்தார் முகம் சுளித்த காலம். ஆனாலும் அவர் கை நிற்கவில்லை. சிங்கமும் ஆட்டுக்குட்டியும் சிறுத்தையும் ஒரு குழந்தையோடு சேர்ந்து படுத்திருக்கும் விவிலியக் காட்சியை அறுபது முறைக்கு மேல் வரைந்தார். பலவற்றில் பின்னணியில் பென்னும் லெனாபே பழங்குடியினரும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் காட்சி சிறிதாக இருக்கும். 1827ல் குவேக்கர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அதன் பிறகு வரைந்த படங்களில் மிருகங்களின் கண்களைப் பாருங்கள், சிங்கம் களைத்துப்போய், நிம்மதியில்லாமல் வெறித்துக்கொண்டிருக்கும். அந்த வேதனையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

டெலவேர்க்கரையான் எழுதியது:

ஹிக்ஸ் சேர்ந்தாயிற்று அம்மா. ஆனால் பிறப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் எழுத்தாளர் ஜேம்ஸ் மிச்சனரை என்ன செய்வது? டாய்ல்ஸ்டவுனில் இருக்கும் கலை அருங்காட்சியகமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் எங்கே பிறந்தார், பெற்றோர் யார் என்று அவருக்கே தெரியாது. மேபல் மிச்சனர் என்ற குவேக்கர் பெண் வறுமையில் வளர்த்த பிள்ளை. பிறந்த ஊர் தெரியாத மனிதரைத்தான் இந்தக் கவுண்டி தன் பிள்ளை என்று கொண்டாடுகிறது.

மரத்தச்சன் எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மரவேலை என் தொழில் இல்லை, ஆனால் உளியும் இழைப்புளியும் என்னை விட்டுப் போனதில்லை. பட்டியலில் ஜார்ஜ் நகஷிமா இல்லையென்றால் அது பட்டியலே அல்ல.

1905ல் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேனில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். கட்டிடக்கலை படித்தவர். 1930களில் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரிடம் வேலை செய்தார். போர் மூண்டதும் அமெரிக்க அரசு மேற்குக் கரை ஜப்பானியர்களை எல்லாம் முகாம்களில் அடைத்தது. 1942ல் நகஷிமா, அவர் மனைவி, கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா மூவரும் ஐடஹோ பாலைவனத்து மினிடோகா முகாமுக்குப் போனார்கள். அந்த முகாமில்தான் ஜப்பானிய முறையில் பயிற்சி பெற்ற ஒரு தச்சரோடு சேர்ந்து கிடைத்த துண்டு மரங்களை வைத்து வேலை பழகினார். 1943ல் ரேமண்ட் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டதால் வெளியே வந்து, நியூ ஹோப் பக்கம் இருந்த ரேமண்டின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். அங்கே கோழி வளர்ப்பில் தொடங்கியவர், 1990ல் இறக்கும்வரை இந்தக் கவுண்டியை விட்டுப் போகவில்லை.

அவர் மேசையை அருகில் நின்று பார்த்தால்தான் புரியும். வால்நட் மரத்தை நீளவாக்கில் அறுத்த ஒரே பலகை. ஓரத்தைச் சதுரமாக வெட்டமாட்டார், மரம் வளர்ந்த வளைவு அப்படியே இருக்கும். நடுவில் வெடிப்பு ஓடினால் நம் ஊர்த் தச்சர் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுவார், அல்லது மக்கு வைத்து மூடுவார். நகஷிமா வெடிப்பைத் திறந்தபடியே விட்டு, குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் வேறொரு மரத்துண்டைப் பதித்து, மேலும் பிளக்காமல் பூட்டிவிடுவார். மேலே விரலை ஓட்டினால் பூட்டு இருக்கும் இடமே தட்டாது, அவ்வளவு துல்லியம். குறையை மறைக்காமல், மரத்தையும் வீணாக்காமல் செய்த வேலை. பட்டறை இன்றும் நடக்கிறது. மகள் மீரா நடத்துகிறார். 2014ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

கடப்பாக்கல் எழுதியது:

மரத்தச்சன் ஐயா, நடுவில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். டோக்கியோவுக்கும் முகாமுக்கும் இடையில் அவர் இருந்த இடம் எங்கள் புதுச்சேரி!

அரவிந்தர் ஆசிரமத்துக்கு ஒரு விடுதி கட்டும் பொறுப்பை ரேமண்ட் ஏற்றார். கட்டுமானத்தை இருந்து கவனிக்க நகஷிமா 1937ல் இங்கே வந்தார். அப்போது இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். கட்டிடத்தின் பெயர் கோல்கொண்டே. ஹைதராபாத் நிஜாமின் அரசிலிருந்து கிடைத்த கொடையால் அந்தப் பெயர். வந்த நகஷிமா ஆசிரமவாசியாகவே மாறினார். சுந்தரானந்தா என்று பெயர் பெற்றார். 1939 வரை இருந்தார்.

எனக்கு ஒருமுறை உள்ளே பார்க்க அனுமதி கிடைத்தது. நம் வெயிலுக்கும் காற்றுக்கும் அதைவிடப் பொருத்தமான கட்டிடத்தை நான் பார்த்ததில்லை. ஜன்னல், கண்ணாடி என்று எதுவும் கிடையாது. வெளிச்சுவர் முழுவதும் குறுக்கே அடுக்கிய சிமெண்ட் பலகைகள். திருப்பினால் திறக்கும், மூடினால் மழை உள்ளே வராது. அறைக்கும் நடைக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களால் ஆன நகர்த்தும் கதவுகள், அவற்றின் இடுக்கு வழியாகவும் காற்று போகும். தரை முழுக்க மெருகேற்றிய கடப்பாக் கல். மதியம் 2 மணிக்கு வெறுங்காலோடு நின்றேன், உள்ளங்கால் குளிர்ந்தது. மின்விசிறி ஓடவில்லை. கைப்பிடி, கொண்டி எல்லாம் அடியவர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை என்று அங்கே சொன்னார்கள். ஆசிரமவாசிகளே கூலியாட்களாக நின்று கம்பி கட்டி, கான்கிரீட் சுமந்து எழுப்பிய வீடு.

பிற்காலத்தில் உலக அமைதிக்காக ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு பெரிய மரமேசை செய்துவைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். முதலாவது 1986ல் நியூயார்க்கின் ஒரு தேவாலயத்துக்குப் போனது. ஆசியாவுக்கானது ஆரோவில்லில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம்.

டெலவேர்க்கரையான் எழுதியது:

இது எனக்குப் புதிய செய்தி. என் மனைவி புதுச்சேரிக்காரி. அந்தச் சுவரை ஒட்டியே பள்ளிக்கு நடந்திருக்கிறாள், கட்டியவர் யார் என்று அவளுக்கும் தெரியாது. நகஷிமா உறுதி.

சென்டரிங் சிவா எழுதியது:

கட்டிடம் என்று பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். சிவில் என்ஜினீயர். ஹென்றி மெர்சரை யாரும் சொல்லவில்லையே!

1856ல் டாய்ல்ஸ்டவுனில் பிறந்தவர், நியூட்டன் வாசகி அம்மாவின் அளவுகோலுக்கும் பொருந்துவார். சட்டம் படித்தார், வக்கீல் தொழில் பார்க்கவில்லை. தொல்லியலாளராக இருந்தார். 1897 வாக்கில், இயந்திரங்கள் வந்துவிட்டதால் மக்கள் தூக்கி எறிந்த கைக்கருவிகளைச் சேர்க்கத் தொடங்கினார். நெசவுத்தறி, செருப்புத் தைக்கும் ஊசி, கொல்லனின் துருத்தி, கலப்பை, மாட்டு நுகம். பூமியைத் தோண்டி எடுக்கும் பழம்பொருளுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பை, நேற்றுவரை ஒரு தொழிலாளியின் கையில் இருந்த கருவிக்கும் கொடுத்தார்.

அவற்றைப் பாதுகாக்கக் கட்டிய கட்டிடங்கள் என்னைத் தூங்கவிடாதவை. 1872ல் பாஸ்டன் நகரில் பெருந்தீ ஏற்பட்டது. அவர் தாயின் சகோதரி சேர்த்துவைத்திருந்த பழங்காலக் கவசங்கள் அதில் அழிந்தன. அதனால் தீப்பிடிக்காத வீடு வேண்டும் என்று முழுக்க முழுக்கக் கான்கிரீட்டில் கட்டினார். 1908 முதல் 1912 வரை தன் வீடு, 44 அறைகள். பிறகு ஓடு செய்யும் தொழிற்கூடம். 1916ல் அருங்காட்சியகம். கட்டிடக் கலைஞர் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய கூலியாட்களும் லூசி என்ற குதிரையும்தான் படை. கான்கிரீட்டை மேலே இழுத்தது லூசி. இன்றைக்குத் தொங்கு மேடையும் பம்பும் வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். சென்டரிங் பலகைகளின் மரரேகை இன்றும் அந்தக் கூரைகளில் பதிந்திருக்கிறது. ஈரமான கான்கிரீட்டிலேயே தன் கையால் வடிவமைத்த ஓடுகளைப் பதித்தார். ஹாரிஸ்பர்க்கில் மாநிலச் சட்டமன்றக் கட்டிடத் தரையில் இருப்பதும் அவர் ஓடுகள்தான்.

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். திமிங்கில வேட்டைப் படகும் குதிரை வண்டியும் தலைக்கு மேல் தொங்கும். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.

வெண்தாமரை எழுதியது:

எல்லாரும் ஆண்களையே அடுக்குகிறீர்கள். மானிடவியலாளர் மார்கரெட் மீட் இங்கே பக்கிங்ஹாமில் வளர்ந்தவர். டாய்ல்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார், பக்கிங்ஹாம் தேவாலயத்தில் திருமணம், 1978ல் அதன் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம். சமோவாவும் நியூ கினியும் போய் வந்தவருக்குக் கடைசி இடம் இந்த ஊர்தான்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எழுத்தாளர் பெர்ல் பக் அம்மையாரைப் பற்றி. வெஸ்ட் வர்ஜினியாவில் பிறந்து சீனாவில் வளர்ந்தவர். 1930களின் நடுவில் பெர்க்கசி பக்கம் பழைய கல்வீட்டோடு ஒரு பண்ணையை வாங்கினார். 1938ல் நோபல் பரிசு. பரிசைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். 1949ல் அவர் தொடங்கிய வெல்கம் ஹவுஸ் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஒன்றேகால் வயதுக் குழந்தை ஒன்று. தாய் அமெரிக்கர், தந்தை இந்தியர். நிறம் கலந்த குழந்தையைத் தத்தெடுக்க ஆள் கிடைக்காது என்று தத்து நிறுவனங்கள் கைவிரித்தன. அம்மையார் கொதித்துப்போய்த் தன் வீட்டுக்கே கொண்டுவந்தார். அப்படிப் பிறந்ததுதான் இனம் கடந்து, நாடு கடந்து தத்துக் கொடுத்த முதல் அமைப்பு. அக்கம்பக்கத்தில் இருந்த மிச்சனரும் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் துணை நின்றார்கள்.

ஹாமர்ஸ்டைன் டாய்ல்ஸ்டவுன் ஹைலண்ட் பண்ணையில் 1940களின் தொடக்கத்திலிருந்து 1960ல் இறக்கும்வரை வாழ்ந்தவர். மிச்சனர் போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளில் கண்டதை வைத்து எழுதிய கதைகளுக்கு 1948ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவற்றை ஹாமர்ஸ்டைன் கூட்டணி மறு வருடமே இசை நாடகமாக்கியது. நிற வெறுப்பு மனிதனுக்குப் பிறவிக் குணமல்ல, பிள்ளைப் பருவத்தில் புகட்டப்படுவது என்று அதில் ஒரு பாட்டு. அதை நீக்கச் சொன்னவர்களுக்கு அவர்கள் இணங்கவில்லை. வெல்கம் ஹவுஸும் அந்த நாடகமும் ஒரே வருடத்தில் நடந்தவை. இந்த மூவரையும் ஒரே பலகையில் சேர்த்து வைக்கலாம் தம்பி, இடமும் மிச்சமாகும்.

பிரிஸ்டல் சாலை எழுதியது:

மூவரும் பெரியவர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே கவுண்டியில், டாய்ல்ஸ்டவுனிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், எட்டு வருடம் கழித்து நடந்ததையும் எழுத வேண்டும். நான் இருப்பது கீழ்ப் பக்ஸ் பகுதி. இங்கே யாரும் நாடகம் பார்க்கப் பண்ணை வாங்கவில்லை. எஃகு ஆலையில் வேலைக்கு வந்தவர்கள்.

1952 முதல் 1958 வரை லெவிட் என்ற கட்டுமான முதலாளி இங்கே 17,000க்கும் மேற்பட்ட வீடுகளை வரிசையாகக் கட்டினார். ஊரின் பெயரே லெவிட்டவுன். போரிலிருந்து திரும்பியவர்கள், தொழிலாளிகள் வாங்கக்கூடிய விலை. ஆனால் கறுப்பின மக்களுக்கு விற்கமாட்டேன் என்பது அவர் கொள்கை. 1957 ஆகஸ்டில் பில் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதி, ஏற்கெனவே குடியிருந்தவரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். பில் ராணுவத்தில் பணியாற்றியவர். டெய்சி ஆசிரியப் பயிற்சி பெற்றவர். இரண்டு சிறுவர்களும் ஒரு கைக்குழந்தையும்.

முதல் நாளே கூட்டம் கூடிவிட்டது. இரவுதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டு எதிரில் நின்று கத்தினார்கள். முன்பக்கத்துப் பெரிய ஜன்னல் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கல்லடிபட்டு மயங்கி விழுந்தார். சிலுவையைக் கொளுத்தினார்கள். அருகில் காலியாக இருந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு, அடிமைமுறை காக்கப் போரிட்ட தென்மாநிலக் கொடியைக் கட்டி, பகலும் இரவும் பாட்டை அலறவிட்டார்கள். உள்ளூர்க் காவல் தடுமாறியதும் ஆளுநர் மாநிலப் போலீஸை அனுப்பினார். மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கிய பிறகுதான் அடங்கியது.

டெய்சி அம்மா வீட்டைக் காலி செய்யவில்லை. பக்கத்து வீட்டு யூதக் குடும்பமும் குவேக்கர்களும் வந்து காவல் இருந்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1999ல் பிரிஸ்டல் டவுன்ஷிப் மேயர் ஊர் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். டவுன்ஷிப் அலுவலக வளாகத்தில் ஒரு மரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். உங்கள் எட்டில் முதல் பெயர் டெய்சி மையர்ஸாக இருக்க வேண்டும்.

நியூட்டன் வாசகி எழுதியது:

படிக்கும்போதே மனம் பதறுகிறது. அவர் துணிவை வணங்குகிறேன். ஆனாலும் கேட்கிறேன், அந்தக் குடும்பம் 1961ல் யார்க் நகருக்குப் போய்விட்டது. நான்கு வருடக் குடியிருப்பு. தவிர, ஹிக்ஸ் வரைந்தார், மெர்சர் கட்டினார். அவர்களோடு ஒரே வரிசையில் வைப்பது சரியா? சிறு பிள்ளைகள் எழுதும் கண்காட்சியில் கல்லெறிந்த கதை வேண்டுமா?

பிரிஸ்டல் சாலை எழுதியது:

அம்மா, வருடக் கணக்குப் பார்த்தால் வில்லியம் பென் தேறமாட்டார். பென்சில்வேனியாவுக்கு இரண்டே முறை வந்தார். இரண்டும் சேர்த்து நான்கு வருடம் நிறையாது. டெலவேர் ஆற்றங்கரைப் பென்ஸ்பரி மாளிகையில் அவர் குடும்பத்தோடு தங்கியது 1700, 1701ல் மட்டும். நாம் இன்று பார்க்கும் மாளிகை 1930களில் திரும்பக் கட்டியது. அந்த மாளிகையில் அடிமைகளும் வேலை செய்தார்கள். பென் பெயரைப் பட்டியலில் யாரும் கேள்வி கேட்கவில்லை. மையர்ஸ் குடும்பம் அவரைவிட நீண்ட காலம் இந்தக் கவுண்டியில் வாழ்ந்தது.

என்ன செய்தார் என்கிறீர்கள். ஒரு வீட்டில் குடியிருந்தார். அந்த வருடத்தில், அந்தத் தெருவில், அதைவிடக் கடினமான வேலை வேறு எது? இன்று நம் மக்கள் இந்தப் புறநகர்களில் விரும்பிய தெருவில் வீடு வாங்குகிறோம். பத்திரத்தில் கையெழுத்திடும்போது யாரும் நம் நிறத்தைக் கேட்பதில்லை. அதற்கு விலை கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? கல்லெறிபட்ட வீட்டில் இருந்தவையும் சிறு பிள்ளைகள்தான்.

பழைய தடம் எழுதியது:

பென் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். அவருக்கு முன் இங்கே யார் வாழ்ந்தார்கள்? லெனாபே மக்கள். அவர்கள் தலைவர் தமனெண்ட், பென்னோடு நட்பு பாராட்டி ஒப்பந்தம் செய்தவர். ஹிக்ஸ் படத்தின் பின்னணியில் இருப்பது அந்த நட்புதான்.

பென்னின் மகன்கள் அதைக் காப்பாற்றவில்லை. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை உள்ள நிலத்தை லெனாபேக்கள் முன்பே எழுதிக்கொடுத்ததாக ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார்கள். ஆற்றோரமாக இளைப்பாறி நடக்கும் தூரம் என்று லெனாபேக்கள் நினைத்தார்கள். 1737 செப்டம்பரில் பக்ஸ் கவுண்டி ரைட்ஸ்டவுனிலிருந்து மூன்று பேரை அனுப்பினார்கள். முன்கூட்டியே பாதையை வெட்டிச் சரிசெய்திருந்தார்கள். இருவர் இடையிலேயே விழுந்தார்கள். எட்வர்ட் மார்ஷல் என்பவர் மட்டும் 60 மைலுக்கு மேல் போய்ச் சேர்ந்தார். அதை வைத்து ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் போனது. மார்ஷலைச் சுவரில் வைக்க வேண்டாம், தமனெண்ட்டை வையுங்கள். பென் பக்கத்திலேயே வையுங்கள்.

மரத்தச்சன் எழுதியது:

தமனெண்ட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். கிரேஸ் கெல்லி பிலடெல்பியாக்காரர், அவர் இடத்தைக் கொடுக்கலாம்.

டெலவேர்க்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன், பிள்ளைகளே முடிவு செய்தார்கள்.

தமனெண்ட்டும் பென்னும் ஒரே பலகையில். ஹிக்ஸ், மெர்சர், மீட், நகஷிமா தனித்தனியாக. பெர்ல் பக், மிச்சனர், ஹாமர்ஸ்டைன் மூவரும் ஒரே பலகையில். டெய்சி மையர்ஸ். எட்டாவது இடத்தைப் பிங்கிடமிருந்து பிடுங்க முடியவில்லை. இரண்டு பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள், அவர் பாடலைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக் கேலியைத் தாங்கினோம் என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

டெய்சி அம்மாவின் பக்கத்தைப் பதிமூன்று வயதுப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கொடுக்க நல்ல ஆதாரம் என்ன இருக்கிறது?

நியூட்டன் வாசகி எழுதியது:

டெய்சி அம்மா தன் நினைவுகளைத் தானே புத்தகமாக எழுதியிருக்கிறார், 2005ல் வந்தது. நான் நூலகத்தில் சொல்லி எடுத்துவைக்கிறேன், சனிக்கிழமை பையனை வரச் சொல்லுங்கள். அந்தத் தெரு நிகழ்ச்சிகளை அப்போதே படம்பிடித்த ஆவணப்படம் ஒன்றும் இருக்கிறது. அதில் எதிர்த்துப் பேசும் அண்டைவீட்டாரின் வாயிலிருந்து வரும் சொற்கள் கடுமையானவை. பெற்றோர் யாராவது கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. யாரும் வர முடியாவிட்டால் நான் அவனோடு உட்காருகிறேன்.